தராசில் கட்டிய படகு

என் மனைவியின் அண்ணனுக்கு இந்த உலகத்தில் நம்பிக்கையான பொருள் என்று ஒன்றே ஒன்றுதான் இருந்தது. முழ நீளத் திருப்புளி, மரக் கைப்பிடி போட்டது. அதன் நுனியை ஓடுகிற எஞ்சின்மேல் ஊன்றி, கைப்பிடியைக் காதோடு அழுத்திக் கண்ணை மூடுவார். கண்ணைத் திறக்காமலே, "நாலு குதிரைன்னு தகட்டுல எழுதியிருக்கு. இது ஆறு. தகட்டை மாத்தியிருக்கீங்க" என்பார். எதிரில் நிற்பவன் முகத்தில் ஈயாடாது.

படகுப் பதிவு அலுவலகத்தில் அவர் பரிசோதகர். மோட்டார் பொருத்திய சின்னப் படகு எதுவானாலும் அவர் கையெழுத்துப் போட்டால்தான் அதற்கு ஒரு எண் கிடைக்கும். அந்த எண்ணை முன்பக்கம் இரண்டு புறமும் பெயிண்டில் எழுதிய பிறகுதான் படகு தண்ணீரில் ஓடலாம். நாலு குதிரை சக்தி வரை சிறிய வகை, அதற்கு மேலே பெரிய வகை. பெரிய வகைக்கு ஓட்டுநர் தேர்வு, வருடா வருடம் மறுசோதனை என்று ஏகப்பட்ட தொல்லை இருப்பதால், பெரிய எஞ்சினில் சின்ன எஞ்சினின் தகட்டை அடித்துக்கொண்டு வருகிறவர்களுக்குப் பஞ்சமே இல்லை. அவர்களையெல்லாம் காதாலேயே பிடித்ததால் படகுக்காரர்கள் அவருக்கு வைத்த பெயர் 'காது'. "இன்னைக்குக் காது வந்திருக்கா, லீவா?" என்று கேட்டுவிட்டுத்தான் வாசல்படி ஏறுவார்கள்.

வீட்டிலும் ஆள் இப்படித்தான். கதவைப் பூட்டிவிட்டு மூன்று முறை இழுத்துப் பார்ப்பார். தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து நான்காவது முறை இழுப்பார். பால் பாக்கெட் வாங்கினால் தேதியைப் பார்ப்பார். பார்த்த பிறகு, அந்தத் தேதியை யாராவது மேலே ஒட்டியிருக்கிறார்களா என்று நகத்தால் சுரண்டுவார். டாக்டரிடம் போனால் சுவரில் மாட்டியிருக்கும் பட்டச் சான்றிதழை முழுதும் படித்து முடித்துவிட்டுத்தான் நாக்கை நீட்டுவார். இந்த மனிதரிடம் போய் நான் பெண் கேட்டேன் என்றால் என் துணிச்சலை நீங்கள்தான் மெச்ச வேண்டும்.

பதினாலு வருடங்களுக்கு முன்பு நடந்தது, அப்போது எட்டு குதிரை வரை சிறிய வகை. பந்தாவாக இருக்கட்டும் என்று என் படகிலேயே போய் அவர் வீட்டுக்குப் பின்னாலிருந்த துறையில் இறங்கினேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் கொண்டுபோன பையைப் பார்க்கவில்லை. எஞ்சினைத்தான் பார்த்தார். உள்ளே போய்த் திருப்புளியை எடுத்துக்கொண்டு வந்து, எஞ்சினை ஓடவிட்டுக் காதில் வைத்துக் கேட்டுவிட்டு, "தகடு எட்டுன்னு சொல்லுது. இது பத்து" என்றார். "எட்டுதாங்க" என்றேன். "பத்து" என்றார். "சத்தியமா எட்டு" என்றேன். ஜன்னலுக்குப் பின்னால் என் மனைவியாகப் போகிறவள் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அந்த நிலையில் வேறு என்ன சொல்ல முடியும்?

உங்களிடம் மறைப்பானேன், அது பத்துதான். தகட்டை நானே மாற்றி அடித்தேன். ஆனால் இந்தப் பதினாலு வருடத்தில் அதை நான் யாரிடமும் ஒப்புக்கொண்டதில்லை, கட்டிய மனைவி உட்பட. தங்கை பிடிவாதம் பிடித்ததால் கல்யாணம் நடந்தது. ஆனாலும் சாப்பாட்டுக்கு நடுவில், தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், "மாப்ள, அன்னைக்கு அது எட்டா, பத்தா?" என்று வருடத்துக்கு ஒரு தடவையாவது கேட்டுவிடுவார். நானும் சளைக்காமல் "எட்டு மச்சான்" என்பேன்.

இவ்வளவு சந்தேகம் ஒருவருக்குச் சும்மா வந்துவிடாது. வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் ஒரு படகை ஆள் நல்ல ஆள் என்று நம்பிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாராம். தகட்டில் நாலு குதிரை, உள்ளே பன்னிரண்டு. ஒல்லியான படகு, மிதமிஞ்சிய வேகம், ஒரு திருப்பத்தில் கவிழ்ந்துவிட்டது. மூன்று பேர் நீந்திக் கரையேறினார்கள், ஒருவர் ஏறவில்லை. பதிவுப் புத்தகத்தில் அந்தப் பக்கத்தில் இருந்த தன் கையெழுத்தை அவர் எத்தனை முறை எடுத்துப் பார்த்திருப்பார் என்று எனக்குத் தெரியாது. என் மனைவிதான் இதைச் சொன்னாள். அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை. இதைக் கேட்ட பிறகு ஆறு மாதத்துக்கு எனக்கு அவர்மேல் கோபமே வரவில்லை. பிறகு வழக்கம்போல வந்தது.

அவரைக் கவிழ்த்தது மின்சார மோட்டார்தான்.

பேட்டரியில் ஓடும் மோட்டார்கள் ஒன்றிரண்டாக வந்து பிறகு மளமளவென்று வரத் தொடங்கின. முதல் மோட்டார் சோதனைக்கு வந்த அன்று நான் வேறு வேலையாக அந்தத் துறையில் நின்றேன். மச்சான் வழக்கம்போலத் திருப்புளியை ஊன்றிக் கண்ணை மூடினார். மூடியவர் திறக்கவே இல்லை. உள்ளே கொசு பாடுகிற மாதிரி ஒரு மெல்லிய சத்தம், அவ்வளவுதான். படகுக்காரர், "சார், தூங்கிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டார். துறை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன், அதை அவர் பார்த்துவிட்டார்.

பெட்ரோல் எஞ்சினில் அதன் வரிசை எண்ணை இரும்பிலேயே வெட்டியிருப்பார்கள். அதன்மேல் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்துக் கோப்பில் வைப்பது அவர் வழக்கம். மின்சார மோட்டாரில் வெறும் ஸ்டிக்கர். "ஸ்டிக்கரை எவன் வேணும்னாலும் ஒட்டுவான்" என்று அவர் வீட்டில் புலம்பியதைக் கேட்டேன். சத்தமும் கிடையாது, வெட்டிய எண்ணும் கிடையாது. தன்னை ஏமாற்றுவதற்கென்றே யாரோ உட்கார்ந்து யோசித்து இந்த மோட்டாரைச் செய்திருக்கிறார்கள் என்று அவர் உண்மையாகவே நினைத்தார்.

ஒரு மாதம் கழித்துத் தராசு வந்தது. மீன் ஏலக்கூடத்தில் கூடையைத் தொங்கவிட்டு எடை பார்ப்பார்களே, கடிகார முகம் வைத்த தராசு, அதுதான். அதைத் துறையிலிருந்த கம்பத்தில் படுக்கைவாக்கில் கட்டி, அதன் கொக்கியில் கயிற்றை மாட்டி, கயிற்றின் மறுமுனையைப் படகின் பின்பக்கம் கட்டினார். மோட்டாரை முழு வேகத்தில் விட்டால் படகு முன்னால் திமிறும், கயிறு விறைக்கும், முள் நகரும். எத்தனை கிலோ இழுக்கிறதோ அதை வைத்து மோட்டாரின் சக்தியைச் சொல்லிவிடலாம் என்பது கணக்கு. தனக்கு நன்றாகத் தெரிந்த பெட்ரோல் எஞ்சின்களை ஒவ்வொன்றாகக் கட்டி இழுக்கவிட்டு, அளவுகோல் வைத்துக் கோடு போட்டு ஒரு அட்டவணை தயாரித்தார். நாலு குதிரை என்றால் நாற்பத்தெட்டு கிலோவுக்குள் இழுக்க வேண்டும். அட்டவணையை மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்தார். பல நாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவர் நிமிர்ந்து நடந்தார் என்று என் மனைவி சொன்னாள்.

'நாலு குதிரைக்குச் சமம்' என்று ஸ்டிக்கர் ஒட்டிய மின்சார மோட்டார்கள் ஒவ்வொன்றாகத் தராசுக்கு வந்தன. எழுபது கிலோ, அறுபத்தெட்டு, எழுபத்தொன்று. வந்ததெல்லாம் திருட்டு என்று அவருக்குத் தெளிவாகிவிட்டது. மோட்டாருக்கும் படகுக்கும் சேர்த்துக் கம்பி கட்டி, ஈய முத்திரை அடித்து, கரையில் ஏற்றிவைத்துவிடுவார்.

முதலில் மாட்டியவர் கூண்டுக்காரர். கழிமுகத்தில் வலைக்கூண்டு போட்டு மீன் வளர்ப்பவர், அதிர்ந்து பேசாத மனிதர். படகுக்கு முத்திரை விழுந்த மூன்றாம் நாள் அவர் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். 'மோட்டாரின் ஸ்டிக்கரை நான்தான் மாற்றி ஒட்டினேன், இனி இப்படிச் செய்ய மாட்டேன்' என்று. பெரிய படகு ஓட்டும் லைசென்ஸ் அவரிடம் இருந்ததால் உடனே படகைப் பெரிய வகையில் பதிந்து விட்டுவிட்டார்கள். மச்சான் அந்தக் கடிதத்தை அட்டவணைக்குப் பக்கத்திலேயே கண்ணாடிக்கு அடியில் வைத்தார். "சார், என் மோட்டார் நாலுதான் சார்" என்று யாராவது தொடங்கினால் விரலால் கண்ணாடியைத் தட்டுவார். "இவரும் இப்படித்தான் சொன்னாரு. அப்புறம் என்ன எழுதியிருக்காருன்னு படிங்க." வந்தவர்கள் எல்லாரும் படித்தார்கள். கூண்டுக்காரருக்கு ஊரில் 'ஸ்டிக்கர்காரர்' என்று பெயர் விழுந்தது. ஒரே ஒரு கடிதம், மச்சானுக்கு அட்டவணையில் இருந்த கொஞ்சநஞ்சச் சந்தேகமும் தீர்ந்துவிட்டது.

இனி என் கதை.

ஒன்பது வருடமாக ஆஸ்பத்திரிக்கு ஆள் கொண்டுபோகிற வேலை எனக்கு. ஆஸ்பத்திரி அக்கரையில் இருக்கிறது. காலையும் மாலையும் நர்சுகளை ஏற்றி இறக்குவேன். நோயாளிகளின் ஜன்னலுக்குக் கீழேயே படித்துறை. புகையும் சத்தமும் தாங்கவில்லை என்று நிர்வாகம் ஒரு அறிவிப்பு ஒட்டியது. அடுத்த மாதம் ஒன்றாம் தேதியிலிருந்து, பதிவு செய்த மின்சாரப் படகு மட்டுமே படித்துறைக்கு வரலாம். நான் யோசிக்காமல், இத்தனை வருடம் ஓட்டிய நாலு குதிரை பெட்ரோல் மோட்டாரைக் கழற்றிப் படகுக்குள் ஓரமாகப் போட்டுவிட்டு, அதே நாலில் ஒரு மின்சார மோட்டாரை வாங்கிப் பொருத்திவிட்டேன். ஒன்றாம் தேதிக்குள் எண் கிடைக்காவிட்டால் அந்த ஓட்டம் வேறு ஒருவருக்குப் போய்விடும். வேறு ஒருவர் ஏற்கெனவே வந்து படித்துறையின் அகலத்தைக் காலடியால் அளந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார்.

இருபதாம் தேதி என் படகைத் துறையில் கட்டினேன். மச்சான் பலகையில் தாளைச் செருகிக்கொண்டு வந்தார். அலுவலகத்தில் அவருக்கு நான் மாப்பிள்ளை இல்லை.

"விண்ணப்பதாரர் யாரு?"

"நான்தான் மச்சான்."

"விண்ணப்பதாரர் சார்னு சொல்லணும்."

"நான்தான் சார்."

கயிற்றைக் கட்டினார். முடிச்சை மூன்று முறை இழுத்துப் பார்த்தார். என்னை முழு வேகத்தில் விடச் சொன்னார். தண்ணீர் பின்னால் நுரைத்துக்கொண்டு போயிற்று, முள் நகர்ந்தது. நாற்பத்தெட்டைத் தாண்டியது. எழுபத்திரண்டில் போய் நின்றது. அவர் முள்ளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். பதினாலு வருடமாகக் காத்திருந்த பார்வை அது. கம்பியைக் கட்டி முத்திரை அடித்தார்.

கடைக்காரன் ஏமாற்றிவிட்டானோ என்று முதலில் அவன்மேல் சந்தேகப்பட்டேன். நேரே போய்ச் சண்டை பிடித்தேன். அவன் மோட்டார் வந்த அட்டைப்பெட்டியைத் தூக்கிக் காட்டினான், அதிலும் நாலுதான் போட்டிருந்தது. பெட்டியையும் அவனே அச்சடித்திருப்பானோ என்று ஒரு நிமிடம் நினைத்தேன். மச்சான் வியாதி எனக்கும் ஒட்டிக்கொண்டது என்று அப்போதுதான் பயந்தேன். பிறகு மச்சான்மேலேயே சந்தேகம் வந்தது. பழைய எட்டு-பத்து கணக்கைத் தீர்ப்பதற்காகத் தராசில் ஏதாவது செய்திருப்பாரோ? அன்று மாலை ஆளில்லாத நேரத்தில் ஐந்து கிலோ அரிசிப் பையைக் கொண்டுபோய் அந்தக் கொக்கியில் தொங்கவிட்டுப் பார்த்தேன். ஐந்து கிலோ, சுத்தமாக. எனக்கே வெட்கமாக இருந்தது.

வீட்டுக்கு வந்தால் மனைவி தட்டை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். தட்டில் எதையும் போடவில்லை.

"ஏங்க, உண்மையச் சொல்லுங்க. நான் கோவிச்சுக்க மாட்டேன். பெரிய மோட்டார்தானே வாங்கியிருக்கீங்க?"

"நாலுதாண்டி."

"அண்ணன் எதுக்குப் பொய் சொல்லணும்?"

"அப்போ நான் பொய் சொல்றேனா?"

அவள் எழுந்துபோய் அடுப்பைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தாள். மச்சான் சந்தேகப்பட்டது எனக்குப் பழகிப்போன விஷயம், அது ஒரு பக்கம் கிடக்கட்டும். இவள் அப்படித் துடைத்துக்கொண்டிருந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. உண்மையைச் சொல்லிவிட்டு ஒருவன் இவ்வளவு கேவலமாக உணர முடியும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

இருபத்து நாலாம் தேதி மச்சானே வீட்டுக்கு வந்தார். டீ குடித்தார். சட்டைப் பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்துப் பிரித்து மேசைமேல் வைத்தார். கூண்டுக்காரர் எழுதிய அதே வாசகம், மச்சான் தன் கையாலேயே பிரதி எடுத்திருந்தார். கீழே என் பெயருக்கு இடம் விட்டிருந்தது.

"மாப்ள, இதுல கையெழுத்துப் போடுங்க. நாளைக்கே பெரிய வகையில பதிஞ்சு விட்டுடறேன். பெரிய படகு ஓட்டுற லைசென்ஸ் உங்ககிட்ட இருக்கு. ஒண்ணாந்தேதி வேலைக்குப் போகலாம்."

"செய்யாததைச் செஞ்சேன்னு எழுதித் தரணுமா?"

"தராசு சொல்லுது மாப்ள. நான் சொல்லல."

"கையெழுத்துதானே, போட்டுட்டு விடுங்களேன்" என்றாள் மனைவி. "வேலை போயிடுச்சுன்னா என்ன பண்ணுவீங்க?"

பேனாவைக் கையில் எடுத்துவிட்டேன். இதில் ஒளிக்க ஒன்றுமில்லை. முதல் எழுத்தின் சுழியும் போட்டுவிட்டேன். அப்போதுதான் அந்த மேசைக் கண்ணாடி நினைவுக்கு வந்தது. கூண்டுக்காரர் கடிதத்துக்குப் பக்கத்தில் என் கடிதமும் இருக்கும். வருகிறவன் போகிறவன் எல்லாம் படிப்பான். என் மனைவியும் ஒருநாள் அண்ணனுக்குச் சாப்பாடு கொண்டுபோகும்போது படிப்பாள். பதினாலு வருடம் ஒரு பொய்யை உண்மை என்று சாதித்த வாய் இது. அந்த வாயாலேயே உண்மையைப் பொய் என்று ஒப்புக்கொள்ள வேண்டுமென்றால், இந்த மனிதர் முன்னால் பிறகு என்றைக்கு நான் தலைநிமிர்வது? பேனாவை மூடினேன்.

"மச்சான், உங்க ஆபீஸ் ரோந்துப் படகுக்குப் போன வாரம் மின்சார மோட்டார் வந்துச்சுல்ல? நாலு குதிரைதானே? மேலிடத்துலேருந்து சீல் வச்சு வந்ததுதானே? அதைக் கட்டி இழுக்கவிடுங்க. நாப்பத்தெட்டுக்குள்ள இழுத்துச்சுன்னா நான் கையெழுத்துப் போடறேன்."

"அரசாங்கப் படகைப் போய் யாராவது சந்தேகப்படுவாங்களா?" என்றார்.

"நீங்க எல்லாத்தையும் சந்தேகப்படற ஆளுதானே?"

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார். மறுநாள் காலை அலுவலகம் திறந்ததும் ரோந்துப் படகைக் கம்பத்தில் கட்டினார்கள். நான், என் மனைவி, நாலைந்து படகுக்காரர்கள் எல்லோரும் நின்றோம். முள் எழுபத்து மூன்றில் நின்றது. ஒருவரும் சிரிக்கவில்லை. சிரிக்கப் பயமாக இருந்தது, அவர் முகம் அப்படி இருந்தது.

அடுத்து அவர் என்ன செய்தார் தெரியுமா? தராசு தவறு என்று வேறு யாராயிருந்தாலும் சொல்லியிருப்பார்கள். மச்சான் உள்ளே போய்க் கம்பியும் முத்திரைக் குறடும் எடுத்துக்கொண்டு வந்து, தன் அலுவலகத்தின் ரோந்துப் படகுக்கே முத்திரை அடித்தார். 'துறையையே எவனோ ஏமாற்றி மோட்டார் விற்றிருக்கிறான், உடனே விசாரிக்கவும்' என்று மேலிடத்துக்கு ஒரு கடிதமும் எழுதிப் போட்டார். இரண்டு நாள் ரோந்துக்குப் படகில்லாமல் சைக்கிளில் கரையோரமாகப் போய்க்கொண்டிருந்தார். ஊரே பார்த்தது. எனக்கும்தான் சிரிப்பு வந்தது, ஆனால் சிரிப்போடு சேர்த்து ஏதோ ஒரு மரியாதையும் வந்தது. இந்த ஆள் சொந்தக்காரன், அரசாங்கம் என்று பார்த்து வேலை செய்யவில்லை.

முடிச்சை அவிழ்த்தது என் மனைவிதான். கரையில் ஏற்றிவைத்த எங்கள் படகைக் கழுவப் போனவள், பழைய பெட்ரோல் மோட்டாரையும் புது மோட்டாரையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்துவிட்டு அண்ணனைக் கையோடு இழுத்துக்கொண்டு வந்தாள்.

"அண்ணே, இதைப் பாருங்க. தண்ணியைத் தள்ளுற விசிறி பழசுக்கு என் உள்ளங்கை அளவுதான் இருக்கு. புதுசுக்குச் சாப்பாட்டுத் தட்டு அளவு. அது வெடுக்கு வெடுக்குனு சுத்தும், இது நிதானமாச் சுத்தும். நின்ன இடத்துல நின்னுகிட்டு இழுக்கச் சொன்னா பெரிய விசிறி கூடத்தானே தள்ளும்? கட்டிப்போட்டு எதுக்குப் பாக்கறீங்க? ஓடவிட்டுப் பாருங்க."

அவர் குனிந்து இரண்டு விசிறியையும் சாணால் அளந்தார். திரும்பவும் அளந்தார். பிறகு முத்திரையைத் தானே வெட்டினார். துறையிலிருந்து பாலத்துத் தூண் வரைக்கும் ஓட்டம். என் படகில் முதலில் பழைய நாலு குதிரை பெட்ரோல் மோட்டார், அடுத்து புதியது. நான் ஓட்டினால் வேண்டுமென்றே மெதுவாக ஓட்டுவேன் என்று என்னை இறக்கிவிட்டு அவரே ஓட்டினார். கைக்கடிகாரத்தை நம்பாமல் இரண்டு கடிகாரம் கட்டிக்கொண்டார். பழையது மூன்று நிமிடம் பத்து நொடி. புதியது மூன்று நிமிடம் பதினொன்று. கட்டிப்போட்டால் எழுபத்திரண்டு கிலோ இழுக்கிற மோட்டார், அவிழ்த்துவிட்டால் அதே நாலு குதிரை வேகத்துக்கு மேல் ஒரு முழம் போகவில்லை. ரோந்துப் படகையும் அவிழ்த்து ஓட்டிப் பார்த்தார். அதுவும் அப்படியே.

கரைக்கு வந்து இறங்கியவர் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். கரையில் முத்திரையோடு வரிசையாகக் கிடந்த படகுகளைப் பார்த்தார். சிலர் வெறுத்துப்போய் அந்தப் பக்கம் வருவதையே விட்டிருந்தார்கள், சில படகுகளின்மேல் தார்பாலின் போட்டு மூடியிருந்தது. என்னுடையதோடு சேர்த்துப் பதினொன்று.

"எல்லாருமே உண்மையத்தான் சொல்லியிருக்காங்க" என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை.

மறுநாள் ஒவ்வொரு வீடாகப் போனார். ஓட்டிப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார், மன்னிப்பும் கேட்டார். என்னுடையதை மட்டும் கடைசியில்தான் பதிவேன் என்று அடம்பிடித்தார். சொந்தக்காரனுக்கு முதலில் செய்தார் என்று சொல்லிவிடுவார்களாம். முப்பதாம் தேதி மாலை நாலு மணிக்கு என் எண் வந்தது. பெயிண்ட் காய்வதற்குள் ஒன்றாம் தேதி பிறந்துவிட, கையில் ஒட்டிய பச்சைப் பெயிண்டோடு நர்சுகளை அக்கரையில் இறக்கினேன். படித்துறையை அளந்தவர் தூரத்தில் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

பதினொன்றும் முடிந்த பிறகும், முன்பே படகை மீட்டுக்கொண்ட கூண்டுக்காரரிடம் மட்டும் அவர் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை லீவு நாளில் எங்கள் வீட்டுக்கு வந்தார். "மாப்ள, என்னைக் கூண்டுக்குக் கூட்டிட்டுப் போக முடியுமா?" என்றார். கையில் அந்தக் கடிதம் இருந்தது. கண்ணாடிக்கு அடியிலேயே இருந்ததால் மஞ்சளேறாமல் புதுசாகவே இருந்தது. என் மனைவியும் வந்தாள். நான் முன்னால் உட்கார்ந்தேன், படகை அவள்தான் ஓட்டினாள்.

கூண்டுக்காரர் மிதவைப் பலகையில் முட்டிபோட்டு மீனுக்கு இரை தூவிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் சட்டென்று எழுந்து தன் படகின் பக்கம் பார்த்தார்.

"சார், மறுபடியும் சோதனையா?"

மச்சான் கடிதத்தை நீட்டினார். "உங்க மோட்டார் நாலுதான். அன்னைக்கும் நாலுதான். அப்புறம் எதுக்கு இதை எழுதுனீங்க?"

"நீங்கதானே சார் எழுதச் சொன்னீங்க."

"பொய்யை எழுதச் சொல்லலையே."

"உண்மையத்தான் சார் ரெண்டு நாளாச் சொன்னேன்." அவர் குரலில் கோபமே இல்லை. "படகு சீல் வச்சுக் கரையில கெடந்துச்சு. இங்க வர்றதுக்கு வேற படகு கெடைக்கல. நீங்க என்னை நம்புறதுக்கு எத்தனை நாளாகும்னு எனக்குத் தெரியாது சார். மீனுக்கு அன்னைக்கே பசிக்குமே."

சொல்லிவிட்டு மறுபடி முட்டிபோட்டு, விட்ட இடத்திலிருந்து இரை தூவத் தொடங்கினார். தண்ணீருக்கு மேலே மீன்கள் வாயைத் திறந்து திறந்து மூடின. மச்சான் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். கடிதத்தை நாலாகக் கிழித்தார். கிழித்ததைத் தண்ணீரில் போடவும் மனமில்லாமல் பைக்குள் போட்டுக்கொண்டார். "என்னை மன்னிச்சுடுங்க" என்றார். "பரவால்ல சார்" என்றார் கூண்டுக்காரர். "ஸ்டிக்கர்காரர்னு கூப்பிடறதை மட்டும் நிறுத்தச் சொல்லிடுங்க. என் பொண்ணு ஸ்கூல்ல கேட்டுட்டு வந்து அழுதுச்சு."

திரும்பி வரும்போது வெகுநேரம் யாரும் பேசவில்லை. மின்சார மோட்டாரில் இது ஒரு கஷ்டம், பேசாமல் இருந்தால் அது அப்படியே கேட்கும்.

"மாப்ள" என்றார் கடைசியில். "அத்தனை கோப்புலயும் பொய்னு இருந்தது ஒண்ணே ஒண்ணுதான். அதையும் நான்தான் எழுத வச்சிருக்கேன். காது காதுன்னாங்களே, இந்தக் காதுல உண்மை ஒரு தடவை கூட விழலையே."

அவர் கண் கலங்கியிருந்தது. அந்த மனிதர் அப்படி ஒடிந்து உட்கார்ந்ததை நான் பார்த்ததே இல்லை. அவர் காதின்மேல் அவருக்குக் கொஞ்சமாவது நம்பிக்கை திரும்ப வேண்டும் என்று இருந்தது. பதினாலு வருடமாக நான் பூட்டி வைத்திருந்ததைத் திறந்துவிட்டேன்.

"மச்சான், உங்க காது தப்பே இல்ல. நான் பொண்ணு கேட்டு வந்தேனே, அன்னைக்கு அது பத்துதான். எட்டு இல்ல. தகட்டை நான்தான் மாத்தி அடிச்சேன்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு தலையை மெல்ல ஆட்டினார்.

"என்னைத் தேத்தறதுக்காகச் சொல்லாதீங்க மாப்ள. அது எட்டுதான். இப்ப எனக்குத் தெரிஞ்சு போச்சு."

"சத்தியமா பத்து மச்சான்!"

"கூண்டுக்காரரும் இப்படித்தானே எழுதிக் கொடுத்தாரு?" என்று சொல்லிவிட்டு என் தோளைத் தட்டிக்கொடுத்தார். "நீங்க நல்ல மனுஷன். நான்தான் இத்தனை வருஷமா உங்களைச் சந்தேகப்பட்டுட்டேன்."

பின்னால் மோட்டார் நின்றுபோயிற்று. திரும்பிப் பார்த்தேன். மனைவி கைப்பிடியை விட்டுவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் படகின் பக்கவாட்டில் தட்டிக்கொண்டிருந்தது.

"பத்தா?" என்றாள்.

அவள் உடனே நம்பிவிட்டாள். அவர் கடைசிவரை நம்பவில்லை. வீடு போய்ச் சேரும்வரை அவர் என் தோள்மேல் போட்ட கையை எடுக்கவில்லை, அவள் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை.